கெண்டைக்கால் பிடிப்பும் மெக்னீசிய மாத்திரையும்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி வரும் பாதை 14 கி.மீ. பௌர்ணமி இரவில் செருப்பில்லாமல் அதைச் சுற்றி வருகிறவர்களில் பலர், மற்ற நாட்களில் சேர்ந்தாற்போல் இரண்டு கி.மீ. நடக்காதவர்கள். இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம், நிருதி லிங்கம் வரை கால் சொன்னபடி கேட்கும். வருண லிங்கம் தாண்டி அடி அண்ணாமலைப் பக்கம் வரும்போது கெண்டைக்கால் சதை திடீரென்று திரண்டு கல்லாக இறுகும். பாதையோரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, பெருவிரலைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் முகங்களை எந்தப் பௌர்ணமியிலும் பார்க்கலாம். குரக்குவலி என்று பெரியவர்கள் சொல்வதும், நரம்பு சுண்டி இழுக்கிறது என்று மற்றவர்கள் சொல்வதும் இதைத்தான். அடுத்த பௌர்ணமிக்குள் தெரிந்தவர் ஒருவர் யோசனை சொல்லிவிடுகிறார்: “மெக்னீசியம் கம்மியா இருக்கும்ண்ணா, ஒரு மாத்திரை போடுங்க, சரியாயிடும்.” மருந்துக் கடையில் சீட்டுக் கேட்பதில்லை. கைப்பேசியில் அழுத்தினால் வீட்டுக்கே டப்பா வந்துவிடும். கால் பிடிப்புக்கென்று தொடங்கிய மாத்திரை, பிறகு தூக்கத்துக்கு, படபடப்புக்கு, மலச்சிக்கலுக்கு என்று அலமாரியில் நிரந்தர இடம் பிடித்துக்கொள்கிறது.

இந்த மாத்திரையைப் பத்திரமாகச் சாப்பிடுவது எப்படி என்ற கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஓர் அளவு: ஒரு நாளைக்கு இத்தனை மில்லிகிராம். அந்த அளவு தேவைதான். ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. கிடைத்திருக்கும் சான்றுகளை எல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறு ஒரு சித்திரம் தெரிகிறது. மெக்னீசியத்தை வாங்கிச் சாப்பிடுகிறவர் ஒருவர். மெக்னீசியம் உண்மையிலேயே குறைந்துபோயிருப்பவர் பெரும்பாலும் இன்னொருவர். அதனால் ஆபத்துக்கு உள்ளாகக் கூடியவர் மூன்றாமவர். மூவரும் ஒரே கடையில், ஒரே டப்பாவை, ஒரே காரணத்தைச் சொல்லி வாங்குகிறார்கள். தான் இந்த மூவரில் யார் என்று ஒருவருக்குத் தெரியாதவரை, டப்பாவில் அச்சிட்ட எந்த அளவும் அவரைக் காப்பாற்றாது.

உடம்பில் மெக்னீசியம் செய்யும் வேலை சின்னதல்ல. வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எலும்பில். மீதி பெரும்பகுதி தசையிலும் மற்றத் திசுக்களிலும். ரத்தத்தில் ஓடுவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 300-க்கு மேற்பட்ட நொதிகள் இதன் துணையோடுதான் இயங்குகின்றன. செல்லுக்குள் ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி. என்னும் மூலக்கூறும் மெக்னீசியத்தோடு சேர்ந்தால்தான் வேலைக்கு ஆகும். தசை சுருங்குவதற்குக் கால்சியம் வேண்டும், தளர்வதற்கு மெக்னீசியம் கைகொடுக்கும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கும் செய்தி. இந்த ஒரு வரியிலிருந்துதான் “கால் பிடிக்கிறதா, மெக்னீசியம் போடு” என்ற யோசனை பிறந்தது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் உடம்பு இந்த உப்பை ஒரு நாள் சாப்பாட்டை நம்பி வைத்திருக்கவில்லை. சிறுநீரகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,400 மி.கி. மெக்னீசியத்தை வடிகட்டி, அதில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. சுமார் 100 மி.கி. மட்டுமே வெளியே போகிறது. சாப்பாட்டில் வரவு குறைந்தால் சிறுநீரகம் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். கூடினால் தாராளமாக வெளியே விடும். ஆகவே ஆரோக்கியமான சிறுநீரகமும் ஓரளவு நல்ல சாப்பாடும் உள்ள ஒருவருக்கு, ஓர் இரவு மலை சுற்றியதால் மெக்னீசியம் தீர்ந்துபோய்விடாது.

பிடிப்புக்கு இது உதவுமா என்பதை வெறும் தர்க்கத்தை விட்டுவிட்டுச் சோதனையாகவே பார்த்திருக்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2012-இல் ஒரு முறையும் 2020-இல் மறுபடியும் இதை ஆராய்ந்தது. 2020-இல் 11 ஆய்வுகள், 735 பேர். வயதானவர்களுக்கு இரவில் வரும் கால் பிடிப்பை மெக்னீசியம் பொருட்படுத்தத்தக்க அளவில் குறைக்க வாய்ப்பில்லை என்பது முடிவு. கர்ப்பிணிகள் விஷயத்தில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. நடந்து, ஓடி, உழைத்து வரும் பிடிப்பைப் பற்றி, அதாவது நம் கிரிவலப் பிடிப்பைப் பற்றி, முறையான சோதனை ஒன்றுகூட அவர்கள் கையில் சிக்கவில்லை. 2017-இல் இஸ்ரேலில் 94 பேரிடம் நடந்த சோதனை இன்னும் தெளிவானது. பாதிப் பேருக்கு மெக்னீசியம் ஆக்ஸைடு, மீதிப் பேருக்கு அதே போன்ற தோற்றத்தில் வெற்று மாத்திரை, நான்கு வாரம். மெக்னீசியம் சாப்பிட்டவர்களுக்கு வாரத்துக்குச் சராசரியாக 3.4 பிடிப்புகள் குறைந்தன. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 3.0 குறைந்தன. இரண்டுக்கும் உள்ள இடைவெளி தற்செயலாக வரக்கூடியதுதான்.

“நான் சாப்பிட்டேன், எனக்கு நின்றது” என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நின்றது உண்மை. அந்த 94 பேரில் மாவு மாத்திரை விழுங்கியவர்களும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். பிடிப்பு உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் மருந்து தேடுகிறார். உச்சத்துக்குப் பிறகு எதுவும் இறங்கத்தான் செய்யும். மலை சுற்றுகிறவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் பௌர்ணமியில் பழக்கமில்லாத சதை, மூன்றாவது பௌர்ணமியில் பழகியிருக்கும். தென்னாப்பிரிக்காவில் 56 கி.மீ. ஓட்டம் ஓடியவர்களின் ரத்தத்தைச் சோதித்து 2004-இல் வெளியான ஆய்வில், பிடிப்பு வந்தவர்களிடம் மெக்னீசியம் குறைந்திருக்கவில்லை. களைத்த தசைக்கும் அதை ஆளும் நரம்புக்கும் இடையே ஒத்திசைவு குலைவதுதான் பெரும்பாலான பிடிப்புகளுக்குக் காரணம் என்ற கருத்து இன்று வலுப்பெற்றிருக்கிறது. நீரும் உப்பும் வியர்வையில் போவது சிலருக்கு அதைக் கூட்டலாம். பாதையோரத்தில் பெருவிரலைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்தவர், தெரிந்தோ தெரியாமலோ, இருப்பதிலேயே நல்ல வைத்தியத்தைத்தான் செய்திருக்கிறார். சதையை நீட்டிப் பிடிப்பதுதான் பிடிப்பை உடனே விடுவிக்கிறது. போவதற்கு முன்பு சில வாரம் நடந்து பழகுவதும், நிருதி லிங்கத்திலேயே ஒரு முறை உட்கார்ந்து எழுவதும் எந்த மாத்திரையையும் விட மேலானவை.

தூக்கத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சான்று இதைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. தூக்கமின்மை உள்ள முதியவர்களிடம் நடந்த மூன்று சோதனைகளை 2021-இல் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 151 பேர்தான். தூக்கம் பிடிக்க ஆகும் நேரம் 17 நிமிடம் குறைந்தது, ஆனால் ஆய்வுகளின் தரம் குறைவு என்று அவர்களே எழுதினார்கள். ரத்த அழுத்தத்தில் 34 சோதனைகளை 2016-இல் திரட்டியபோது மேல் அளவு 2 புள்ளி இறங்கியிருந்தது. மருத்துவர் கொடுத்த பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறுகிறவருக்கு அந்த இரண்டு புள்ளி எந்தக் காப்பும் தராது.

இனி, உண்மையிலேயே குறைந்துபோனவர் யார் என்று பார்க்க வேண்டும். இவரைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை என்பது வருத்தமான விஷயம். காலையில் வெறும் வயிற்றில் ‘கேஸ் மாத்திரை’ போடும் பழக்கம் நம் ஊரில் காபி குடிக்கும் பழக்கம் மாதிரி ஆகிவிட்டது. பான்டோபிரசோல், ஒமெபிரசோல், ரபிபிரசோல் என்ற பெயர்களில் வரும் இந்த மாத்திரைகள் இரண்டு வாரத்துக்கோ ஒரு மாதத்துக்கோ எழுதித் தரப்படுபவை. ஐந்து வருடமாகச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. நெடுநாள், பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல், இவற்றைச் சாப்பிடுவதால் ரத்தத்தில் மெக்னீசியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011 மார்ச்சில் எச்சரித்தது. அந்த எச்சரிக்கையில் இருந்த ஒரு செய்தியை நாம் இன்னும் கவனிக்கவில்லை. அவர்கள் ஆராய்ந்த நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மெக்னீசியம் கொடுத்தும் அளவு ஏறவில்லை. கேஸ் மாத்திரையை நிறுத்திய பிறகுதான் ஏறியது. அதாவது இவர் கால் பிடிப்புக்கு மெக்னீசிய டப்பா வாங்கினால், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். ஓட்டையை அடைக்க மருத்துவரிடம் போக வேண்டும்.

கேஸ் மாத்திரை ஓர் ஓட்டை. பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கப்படும் நீர் மாத்திரைகளில் ஃபுரோசமைடும் தயசைடு வகையும் சிறுநீரில் மெக்னீசியத்தை இழுத்துக்கொண்டு போகின்றன. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயில் சிறுநீரோடு மெக்னீசியமும் கழிகிறது. ஐ.சி.எம்.ஆர். நடத்திய ‘இண்டியாப்’ (INDIAB) ஆய்வு 2023-இல் வெளியானபோது தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14.4 பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. நாட்டின் சராசரி 11.4. நெடுநாள் குடிப்பவர்கள், நாள்பட்ட வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் இன்னும் இருவர். இவர்களுக்குக் குறைவு முற்றினால் கால் பிடிப்போடு நிற்காது. கை நடுக்கம், சதைத் துடிப்பு, நெஞ்சு படபடப்பு, கடைசியில் வலிப்புகூட வரும். பொட்டாசியமும் கால்சியமும் கூடவே இறங்கி, அவற்றைத் தனியாகக் கொடுத்தும் ஏறாமல் நிற்கும். இத்தகையவருக்குத் தேவைப்படுவது ரத்தப் பரிசோதனையும் மருத்துவர் மேற்பார்வையில் சரியான அளவும். ஊரார் யோசனைப்படி இரவில் போடும் ஒற்றை மாத்திரை, நோயை மறைத்து நாளைக் கடத்தும்.

மூன்றாமவருக்கு வருவோம். “மிச்சம் இருந்தால் சிறுநீரில் போய்விடும், அதனால் ஒன்றும் ஆகாது” என்பது மெக்னீசியத்தைப் பற்றி அதிகமாகச் சொல்லப்படும் சமாதானம். அது உண்மை. உண்மை என்பதால்தான் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. வெளியேற வேறு வாசல் இல்லை. அந்த ஒரு வாசல் பாதி அடைத்துப்போனவருக்கு, தினமும் உள்ளே வருவது தினமும் கொஞ்சம் தங்கும். சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுதாகும்வரை வலி காட்டாது, சிறுநீரில் நுரையோ காலில் வீக்கமோ தெரியாமலும் இருக்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், வயது இந்த மூன்றும் சேர்ந்தவரின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஜப்பானில் மலச்சிக்கலுக்கு மெக்னீசியம் ஆக்ஸைடு வெகுகாலமாகப் பரவலாகப் புழங்கும் மருந்து. அதைச் சாப்பிட்ட முதியவர்களுக்கு ரத்தத்தில் மெக்னீசியம் ஏறி, சிலர் இறந்தும் போனதை அடுத்து, 2008-இல் அந்நாட்டு சுகாதார அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது. நெடுநாள் சாப்பிடும் முதியவர்களுக்கு ரத்தத்தில் அளவைப் பார்க்கும்படி மருத்துவர்களுக்குச் சொன்னது. பேதி மருந்தாகத் தினமும் கையில் எடுத்த பொருள்தான் அது. யாரும் விஷமாக நினைத்துச் சாப்பிடவில்லை.

மெக்னீசியம் மிகுந்தால் என்ன ஆகும் என்பதை நேரில் காணக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது பிரசவ வார்டு. கர்ப்ப கால ரத்தக் கொதிப்பு முற்றி வலிப்பு வரும் நிலையில் உள்ள தாய்மாருக்கு மெக்னீசியம் சல்பேட் ஊசிதான் உயிர் காக்கும் மருந்து. 33 நாடுகளில் 10,141 பெண்களிடம் நடந்து 2002-இல் லான்செட் இதழில் வெளியான ‘மேக்பை’ ஆய்வு, இந்த ஊசி வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைப்பதைக் காட்டியது. இந்த மருந்தைப் போடும் செவிலியரைக் கவனித்தால் போதும். ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் கையில் ஒரு சின்ன ரப்பர் சுத்தியல் இருக்கும். முழங்கால் சில்லுக்குக் கீழே மெல்லத் தட்டுவார். கால் உதறினால் ஊசி உண்டு, உதறாவிட்டால் இல்லை. ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவார். பதினாறுக்குக் கீழே போனால் நிறுத்துவார். சிறுநீர்ப் பையை உயர்த்திப் பார்த்து, மணிக்கு 30 மில்லிக்குக் குறையாமல் இறங்கியிருக்கிறதா என்று குறிப்பார். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் பக்கத்துத் தட்டில் தயாராக இருக்கும். உடம்பில் மெக்னீசியம் ஏற ஏற முதலில் அனிச்சைத் துடிப்பு போகும், பிறகு மூச்சு தளரும், கடைசியில் இதயம் நிற்கும். இந்த வரிசை தெரிந்ததால்தான் அந்தச் சுத்தியல். கடை மாத்திரையை அந்த ஊசியோடு ஒப்பிடுவது மிகை என்று ஒருவர் சொல்லலாம். நல்ல சிறுநீரகம் உள்ளவரைப் பொறுத்தவரை மிகைதான். அவருக்கு அளவு மீறினால் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வந்து உடம்பே கதவைச் சாத்திவிடும். ஆனால் அந்த வார்டில் சிறுநீர் குறைந்தால் அடுத்த ஊசி கிடையாது என்ற விதி இருக்கிறதே, அது சிறுநீரகம் பழுதான முதியவருக்கும் அப்படியே பொருந்தும். அவர் வீட்டில் சிறுநீரை அளப்பவர் யாரும் இல்லை.

கிரிவலத்தில் இந்த ஆபத்தைக் கூட்டும் இன்னொரு சேர்க்கை உண்டு. வழியில் அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் நடப்பது, முடித்ததும் கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை ஒன்று, பிடிப்புக்கு மெக்னீசியம் ஒன்று. உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. சர்க்கரையும் பிரஷரும் உள்ள அறுபது வயதுக்காரருக்கு இந்த மூன்றும் ஒரே இரவில் சேரக் கூடாது.

இப்போது டப்பாவைக் கையில் எடுக்கலாம். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘மெக்னீசியம் கிளைசினேட் 500 மி.கி.’ என்று போட்டிருக்கும். இது மெக்னீசியத்தின் எடை அல்ல. கிளைசின் என்னும் அமினோ அமிலத்தோடு சேர்ந்த முழு உப்பின் எடை. அதில் மெக்னீசியம் நூற்றுக்குச் சுமார் 14 பங்கு, ஆக 70 மி.கி. தான். சிட்ரேட்டில் 16 பங்கு. ஆக்ஸைடில் 60 பங்கு. எனவே ‘ஆக்ஸைடு 400 மி.கி.’ என்றால் 240 மி.கி. மெக்னீசியம். ஆக்ஸைடு குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை, உள்ளேயே நின்று நீரை இழுத்துப் பேதியாக்கும். சிட்ரேட்டும் கிளைசினேட்டும் அதைவிட நன்றாகச் சேரும். டப்பாவைத் திருப்பினால் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘எலிமென்டல்’ என்று ஒரு வரி இருக்க வேண்டும். பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். அந்த வரியே இல்லாத டப்பாவை வாங்காமல் விடுவது நல்லது. முன்பக்க எண்ணை நம்பி, “500 போட்டும் ஒன்றும் தெரியவில்லை” என்று வேறு கம்பெனி 500-க்கு மாறுகிறவர், 70-லிருந்து 300-க்குத் தெரியாமலே தாவிவிடுவார். மாத்திரை, பொடி வழியாக மட்டும் ஒரு நாளைக்கு 350 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்காவில் வரம்பு வைத்திருக்கிறார்கள், ஐரோப்பாவில் 250. சாப்பாட்டில் இருப்பது இந்தக் கணக்கில் சேராது. இரண்டு எண்களும் வேறுபடுவதைக் கண்டு குழம்ப வேண்டாம். இரண்டுமே வயிற்றுப்போக்கு தொடங்கும் இடத்தை வைத்துப் போட்டவை, இரண்டுமே சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கானவை. தானாக வாங்கிச் சாப்பிடுகிறவர் சின்ன எண்ணை வைத்துக்கொள்வதே என் அபிப்பிராயம்.

இது மருந்தா, உணவா என்ற கேள்விக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மருத்துவர் எழுதும் மருந்துகள் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டத்துக்குள் வருபவை. டப்பாவில் வரும் மெக்னீசியம் பெரும்பாலும் எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி ‘ஹெல்த் சப்ளிமென்ட்’, அதாவது உணவுக்குத் துணை. அதனால்தான் பதினான்கு இலக்க உரிம எண்ணும், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகமும் டப்பாவில் இருக்கின்றன. நோய் தீர்க்க என்று சொல்லி விற்கப்படும் பொருளின் முதுகிலேயே, நோய்க்கானது அல்ல என்று எழுதியிருக்கிறது. வாங்குகிறவர் முதலில் படிக்க வேண்டிய வரி அது.

மற்ற மாத்திரைகளோடு மெக்னீசியம் மோதும் விதம் தனியாகச் சொல்லத்தக்கது, ஏனென்றால் இதில்தான் தெரியாமல் நடக்கும் நஷ்டம் அதிகம். தைராய்டு மாத்திரையை மெக்னீசியம் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆறு மாதமாக டி.எஸ்.எச். இறங்கவில்லை என்று மாத்திரை அளவைக் கூட்டிக்கொண்டே போகிற வீட்டில், காலையில் இரண்டையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்குகிறார்களா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். சிப்ரோஃபிளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும் அப்படியே கட்டுண்டு போகும். காய்ச்சலுக்கு ஐந்து நாள் மருந்து சாப்பிடும்போது மெக்னீசியத்தை நிறுத்திவைப்பது சுலபமான வழி. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை போடும் அலென்ட்ரோனேட்டும் இதே வரிசையில் வரும். ஸ்பைரனோலாக்டோன், அமிலோரைடு போன்ற நீர் மாத்திரைகள், முன்பு சொன்னவற்றுக்கு நேர்மாறாக, மெக்னீசியத்தை உடம்பில் தங்கவைக்கும். ‘நீர் மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று சொன்னால் போதாது, எந்த நீர் மாத்திரை என்று தெரிய வேண்டும். டைஜீன், ஜெலூசில் போன்ற நெஞ்செரிச்சல் மருந்துகளிலும், மலச்சிக்கலுக்கான வெள்ளை மருந்துகள் பலவற்றிலும் மெக்னீசியம் ஹைட்ராக்ஸைடு இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்க்காமல் மாத்திரையை மட்டும் எண்ணுகிறவர் பாதிக் கணக்குத்தான் போடுகிறார். இதயத்தில் மின் ஓட்டத் தடை உள்ளவர்களும், மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைச் சோர்வு நோய் உள்ளவர்களும் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது.

இவ்வளவு எச்சரிக்கை சொல்லும்போது ஒரு மறுப்பு எழும்: இன்றைய சாப்பாட்டில் மெக்னீசியம் எங்கே இருக்கிறது? இந்த மறுப்பில் நியாயம் உண்டு. தீட்டிய வெள்ளையரிசி 100 கிராமில் மெக்னீசியம் 20 மி.கி. அளவுதான், தவிடு போகாத அரிசியில் 90-க்கு மேல். மூன்று வேளையும் பாலிஷ் அரிசியைச் சாப்பிடுகிறவர் மெக்னீசியத்தை ஆலையிலேயே விட்டுவிட்டு வருகிறார். தண்ணீரும் மாறிவிட்டது. பாறை நிலமான நம் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை படியும். அந்த வெள்ளையில் கால்சியத்தோடு மெக்னீசியமும் இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 30 மி.கி. மெக்னீசியம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாவிட்டால் 100 வரை என்பது இந்திய தர நிர்ணயம். லிட்டருக்கு 30 உள்ள நீரை நாளுக்கு மூன்று லிட்டர் குடித்தவருக்கு 90 மி.கி. சும்மா கிடைத்தது. ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த கேன் தண்ணீரில் அதில் பெரும்பகுதி இல்லை. உப்புத் தண்ணீரையே குடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதில் ஃபுளோரைடு போன்ற வேறு தொல்லைகள் இருக்கலாம். இழந்ததை எங்கிருந்து மீட்பது என்பதுதான் கேள்வி.

மீட்பதற்கு வேண்டியவை இந்த மாவட்டத்தின் வயலிலேயே விளைகின்றன. வேர்க்கடலை திருவண்ணாமலையின் பயிர். அதில் 100 கிராமுக்கு 150 மி.கி.க்கு மேல் மெக்னீசியம் உண்டு, ஒரு பெரிய கைப்பிடி வேகவைத்த கடலையே ஒரு 500 மி.கி. கிளைசினேட் மாத்திரைக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 145, கம்பில் 120-க்கு மேல். இலையின் பச்சையைத் தரும் பச்சையத்தின் நடுவிலேயே ஒரு மெக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது என்பதால் முருங்கையோ அரைக்கீரையோ எந்தக் கீரையிலும் அது இல்லாமல் போகாது. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 400 முதல் 420 மி.கி., பெண்ணுக்கு 310 முதல் 320 என்பது அமெரிக்கப் பரிந்துரை. ஒரு வேளை களியோ கூழோ, ஒரு கீரை, ஒரு பயறு, ஒரு கைப்பிடி கடலை இருந்தால் அதை நெருங்கிவிடலாம். உணவில் வரும் மெக்னீசியத்தால் நல்ல சிறுநீரகம் உள்ளவருக்குக் கெடுதல் வந்ததாகப் பதிவில்லை. சிறுநீரக நோய் உள்ளவர் மட்டும் இந்தப் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டிக் கேட்க வேண்டும், ஏனென்றால் கீரையிலும் கடலையிலும் பொட்டாசியமும் இருக்கிறது.

எப்சம் உப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலை சுற்றி வந்து வெந்நீரில் அந்த உப்பைப் போட்டுக் கால் நனைப்பது பரவி வருகிறது. இங்கிலாந்தின் எப்சம் ஊர் நீரூற்றில் 17-ஆம் நூற்றாண்டில் பேர் பெற்ற இது மெக்னீசியம் சல்பேட்தான். நம் ஊரில் பேதி உப்பு. தோல் வழியாக மெக்னீசியம் போதிய அளவு உள்ளே போகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. வெந்நீரின் சூடு இதம் தருகிறது, அது போதும் என்றால் நல்லதே. ஆனால் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர், தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்கக் கூடாது. கொப்புளம் வந்தது மறுநாள்தான் தெரியும். அதே பாக்கெட்டை வயிறு சுத்தமாக என்று குடிப்பது முற்றிலும் வேறு விஷயம். ஒரு தேக்கரண்டியில் 500 மி.கி. அளவு மெக்னீசியம் இருக்கிறது, இரண்டு கரண்டியில் ஆயிரம்.

ரத்தத்தில் பார்த்துவிடலாமே என்று கேட்பவருக்கு: பார்க்கலாம், ஆனால் ரத்தத்தில் இருப்பது மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், அளவு சரியாக இருந்தும் உள்ளே குறைவு இருக்கக்கூடும். இதைச் சொல்லியே “டெஸ்ட் நம்ப முடியாது, எல்லாரும் சாப்பிடுங்கள்” என்று விற்கிறார்கள். பரிசோதனையின் குறை, பரிசோதிக்காமல் சாப்பிடுவதற்கு அனுமதி ஆகாது. மேலும், மாத்திரைக்கு முன்பு அவசியமாக வேண்டியது மெக்னீசியப் பரிசோதனை அல்ல, கிரியேட்டினின். அதிலிருந்து சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிடலாம். தமிழ்நாட்டில் 2023 முதல் சிறுநீரகம் பாதுகாக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒரு பட்டையை நனைத்துப் பார்த்துவிடுகிறார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அந்த மாத்திரையைக் கொண்டுவரும் பணியாளரிடம், நாமாக வாங்கிச் சாப்பிடும் டப்பாக்களையும் எடுத்துக் காட்டலாம். சர்க்கரையோ பிரஷரோ உள்ள அறுபது வயது தாண்டியவர் கிரியேட்டினின் பார்க்காமல் மெக்னீசியம் வாங்கக் கூடாது என்பதை மருந்துக் கடைக்காரர்களே சொல்லத் தொடங்கினால் பெரிய காரியம்.

ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. வழக்கமில்லாத தூக்கக் கலக்கம், குமட்டல், முகம் சிவந்து சூடாவது, கைகால் துவண்டுபோவது, எழுந்தால் தலை சுற்றுவது, நாடி மெதுவாவது. இவற்றில் எது வந்தாலும் அன்றைய மாத்திரையை நிறுத்திவிட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவமனைக்கோ போக வேண்டும். மூச்சு தளர்ந்தால் 108. போகும்போது அந்த டப்பாவையும், வீட்டில் உள்ள மற்ற மாத்திரை அட்டைகளையும், நெஞ்செரிச்சல் மருந்து பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். “சத்து மாத்திரைதான்” என்று சொன்னால் மருத்துவருக்கு எதுவும் புரியாது. டப்பாவின் பின்பக்கத்தைப் பார்த்தால், எந்த ஊசியைக் கையில் எடுப்பது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும்.